ஏரித் தண்ணீரின் தெளிவை நாமே அளப்பது எப்படி?

"தண்ணி முன்ன மாதிரி இல்லப்பா" என்ற பேச்சை எந்த ஏரிக்கரையில் நின்றாலும் கேட்கலாம். எவ்வளவு மாறியிருக்கிறது, எந்த வருடத்திலிருந்து என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. அந்தப் பதிலை நாமே உண்டாக்க முடியும். ஒரு வட்டத் தட்டு, ஒரு கயிறு, ஒரு நோட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஏஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்றும் அதன் பெயர் செக்கி தட்டுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1973 முதல் ஏரியோரம் வாழும் சாதாரண மக்கள் இதே தட்டால் அளந்து எழுதிக் கொடுக்கிறார்கள்.

தட்டு செய்யலாம்

கெட்டியான பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் தகட்டை 20 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை செய்யும் கடையில் கேட்டால் வெட்டித் தருவார்கள். வட்டத்தை நான்கு கால்பாகமாகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டுக்குக் கறுப்பு, மற்ற இரண்டுக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் பளபளக்கக் கூடாது. நடுவில் துளையிட்டு, வளையம் வைத்த போல்ட்டை நுழைத்து, அடிப்பக்கம் ஒரு கிலோ அளவுக்கு எடை சேர்த்து வாஷர், நட்டு போட்டு இறுக்குங்கள். எடை குறைந்தால் தட்டு சாய்ந்து மிதக்கும்.

கயிறு விஷயத்தில் கவனம் தேவை. நான் முதலில் நைலான் கயிறு கட்டினேன். அது நனைந்து நீண்டுவிட்டது, நான் போட்ட குறிகளும் நகர்ந்துவிட்டன. ஒரு மாத அளவுகளை மொத்தமாக அடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. நீளாத பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். அதையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, இழுத்துப் பிடித்து, தட்டின் மேற்பரப்பிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். மீட்டர் குறிக்கு வேறு நிறம். சில மாதத்துக்கு ஒருமுறை டேப் வைத்துச் சரிபாருங்கள்.

இடமும் நேரமும்

ஏரியிலேயே ஆழமான இடம் நல்லது. எங்கே ஆழம் என்று அங்கே வலை போடுகிறவரைக் கேளுங்கள். அவருடைய பரிசலிலோ படகிலோ போக முடிந்தால் இன்னும் நல்லது. கரையில் நிற்கும் இரண்டு பொருள்களை (ஒரு பனைமரம், மதகு போல) அடையாளம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரலாம்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவே, வெயில் இருக்கும்போது, காற்று அடங்கிய நாளில் போங்கள். தனியாகப் போகாதீர்கள், உயிர்காக்கும் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

அளப்பது

1. படகின் நிழல் விழும் பக்கம் குனியுங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். பார்வைக்கான கண்ணாடி இருக்கலாம்.
2. தட்டை மெதுவாக இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் பார்த்து எழுதுங்கள்.
3. இன்னும் கொஞ்சம் இறக்கி, மெல்ல மேலே இழுங்கள். மறுபடி தெரியத் தொடங்கும் ஆழத்தை எழுதுங்கள்.
4. இரண்டின் சராசரிதான் அன்றைய அளவு.

தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்தால், "தரை வரை தெரிந்தது" என்று ஆழத்தோடு எழுதுங்கள். போன தடவை 1.4 மீட்டர் வந்தது, இன்று 1.1 வருகிறதே என்று எண்ணைத் திருத்தாதீர்கள். அளப்பவர் முடிந்தவரை ஒரே ஆளாக இருக்கட்டும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் கண் மாறும்.

அப்புறம் நோட்டு. தேதி, நேரம், வெயிலா மேகமா, தண்ணீரின் நிறம், கடைசி மழை எப்போது, கலங்கலில் நீர் வழிகிறதா, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். உபரிநீர் வழியும் இடத்துக்கும் கலங்கிய நீருக்கும் தமிழில் 'கலங்கல்' என்ற ஒரே சொல் என்பதால், எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுவது நல்லது.

எண் என்ன சொல்கிறது?

ராபர்ட் கார்ல்சன் என்ற அறிஞர் 1977இல் ஒரு குறியீடு வகுத்தார். தட்டு 4 மீட்டரில் மறைந்தால் 40, 2 மீட்டரில் 50, 1 மீட்டரில் 60, அரை மீட்டரில் 70. தெளிவு பாதியாகும்போதெல்லாம் குறியீடு 10 ஏறும். 50க்கு மேல் போனால் ஏரியில் பாசிக்கான ஊட்டம் மிகுந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இந்தக் கணக்கு, பாசியால் மங்கும் நீருக்குத்தான். நம் ஏரிகள் பலவும் ஆழமில்லாதவை, மழை பெய்ததும் செம்மண் கரைந்து வரும். அன்று தட்டு 20 செ.மீ.யில் மறைந்தால் அதற்குக் காரணம் மண். நிறத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பாசிக்கு முக்கியத் தீனி பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஏரியை 1973இல் நடுவே திரை போட்டுப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் கலந்தார்கள். அந்தப் பக்கம் பச்சையாகிவிட்டது. உங்கள் தட்டு மறையும் ஆழம் மாதத்துக்கு மாதம் குறைந்தால் கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எந்த வயலின் உரநீர் வடிகிறது என்று குறித்து, படம் எடுத்து, நோட்டோடு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொண்டுபோங்கள்.

பச்சைப் படலம் கண்டால்

பெயின்ட் கொட்டியதுபோல் பச்சைப் படலம் மிதந்தால் அன்று அளக்க வேண்டாம், தண்ணீரைத் தொடவும் வேண்டாம். நீளமான குச்சியை விட்டு எடுங்கள். முடிபோல் இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்ட்போல் ஒட்டி வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சு சுரக்கும், காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய் நீரில் இந்த நஞ்சு தெரிந்ததால், சுமார் 5 லட்சம் பேரைச் சில நாட்கள் அதைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

குச்சிச் சோதனை ஒரு முதல் சந்தேகத்துக்கு மட்டும்தான், நஞ்சு உண்டா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். அதுவரை ஆடு மாடுகளை அந்தப் பக்கம் விடாமல், குழந்தைகளைக் குளிக்க விடாமல், ஊர்க்காரர்களிடம் அன்றே சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளருக்குத் தேதியும் படமும் அனுப்புங்கள். நோட்டிலும் அன்றைய தேதிக்கு எதிரே "அளக்கவில்லை, பச்சைப் படலம்" என்று எழுதி வையுங்கள்.