கருத்து பிளவுபடும் நாவலை வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி?

கேரன் ஜாய் ஃபௌலர் 2004இல் வெளியிட்ட ‘தி ஜேன் ஆஸ்டின் புக் கிளப்’ நாவலை எடுத்துக்கொண்டால், மெச்சுவோரும் சலித்துக்கொள்வோரும் இரண்டாகப் பிரிவார்கள் என்பதை எதிர்பார்த்தே கூட்டத்தைத் திட்டமிடுங்கள். கலிஃபோர்னியாவில் ஐந்து பெண்களும் ஓர் ஆணும் கூடி ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களைப் பேசும் கதை இது. பெரிய திருப்பங்களைத் தேடுவோர் ஏமாறுவது இயல்பே.

‘பிடித்ததா?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாறாக, ‘நாங்கள்’ என்று கதை சொல்லும் குரல் யாருடையது என்று கேளுங்கள். ஏனெனில், அறுவரில் எவரோடும் அக்குரலைப் பொருத்த முடியாமைதான் சிலரை ஈர்க்கிறது, சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. அடுத்து, அறுவரில் ஒரே ஆணும் அறிவியல் புனைகதைப் பிரியருமான கிரிக், ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் குறிப்பிடப்படும் ‘உடால்ஃபோ’ என்ற பழைய திகில் நாவலையும் படித்துவிட்டு வந்து, மற்றவர்கள் அதைத் தொட்டதே இல்லை என்று அறியும் பகுதியை ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாவலின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று அது என்பேன்.

ஆஸ்டினைப் படிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆறு நாவல்களின் கதைச்சுருக்கங்களும், ஆஸ்டினைப் பற்றிப் பலரும் எழுதிய பாராட்டும் வசையும் நூலின் இறுதியில் உள்ளன. அவற்றை முன்கூட்டியே படித்துவரச் சொல்லி, சலித்துக்கொண்டவரையே முதலில் பேச அழையுங்கள்.