ஆர்எக்ஸ் 100 முன்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றுவது

என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், வேகம் ஐம்பதைத் தொட்டால் ஹேண்டிலை உதறும். பட்டறையில் கோன்செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங்) போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். காசு போனது, உதறல் போகவில்லை. பிறகு நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரம் அச்சில் சுற்ற உதவும் எஃகுக் குண்டு வளையம்தான் பேரிங்; அதற்குள் விரலை விட்டுச் சுழற்றினால் மணலை அரைப்பது போல நறநறவென்றது.

அதனால் முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் சக்கரம் மட்டும் ஆடுகிறதா? பேரிங். சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் காலான ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஹேண்டிலுக்குக் கீழே 'டக்' என்கிறதா? அது கோன்செட்.

சக்கரம் கழற்றுவது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சுக் கம்பி). வாஷர்கள் வந்த வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ப்ளேட்டைத் தனியே வையுங்கள். அதில் இருக்கும் பிரேக் லைனர் மேல் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது.

ஆயில் சீலை நெம்பி எடுத்துவிடுங்கள். புதிது போடப் போகிறோம், கிழிந்தாலும் பரவாயில்லை. பேரிங்கைப் பிடித்து வைக்கும் சர்க்ளிப் (வளையக் கிளிப்) இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இனி ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) எட்டிப் பாருங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும், அதுதான் ஸ்பேசர். ஸ்க்ரூடிரைவரால் அதை ஓரமாகத் தள்ளினால் எதிர்ப்பக்க பேரிங்கின் உள்வளையம் பிறை போலக் கொஞ்சம் தெரியும். நீளமான பஞ்ச் கம்பியை அங்கே வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் கோணலாகி ஹப்பைக் கீறிவிடும். சுற்றிச் சுற்றி, இரண்டிரண்டு அடியாகப் போதும்.

வெளியே வந்த பேரிங்கைத் துடைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் என்று நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. உதாரணத்துக்கு 6202 என்றால் 15 × 35 × 11 மி.மீ. பின்னால் '2ஆர்எஸ்' என்று இருப்பதையே நான் வாங்குவேன். இரண்டு பக்கமும் ரப்பர் சீல், கிரீஸும் உள்ளேயே இருக்கும். தகர மூடி போட்டது எனக்குப் பிடிக்காது. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சுகிற தண்ணீர் அதற்குள் சுலபமாகப் போய்விடும்.

புது பேரிங்கை பாலிதீன் பையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். (ஐஸ் டிரே பக்கத்தில் என்ன இரும்பு என்று வீட்டில் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.) ஹப் அலுமினியம், சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோசைக்கல் மாதிரி சுர்ரென்று வர வேண்டும். அவ்வளவு சூடு போதும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் பாதையில் குழி போடும், புது பேரிங் அன்றைக்கே பழசு. முதல் பேரிங் ஹப்புக்குள் இருக்கும் படியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் மாறி 'ணங்' என்று கேட்கும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்துத்தான். முதல் பேரிங் பனி மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கிய சந்தோஷத்தில் சக்கரத்தைத் திருப்பி இரண்டாவதையும் இறக்கிவிட்டேன். கையைத் துடைக்கத் திரும்பினால், விரித்திருந்த செய்தித்தாளின் மேல் ஸ்பேசர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியது! திரும்ப எடுக்க உள்வளையத்தில்தான் அடிக்க முடியும். அந்த பேரிங் குப்பைக்கு, மறுபடி கடைக்கு.

அடுத்த முறை ஸ்பேசரைப் போட்டேன், ஆனால் இரண்டாவது பேரிங்கை வெறியோடு அடித்துவிட்டேன். ஆக்ஸில் போட்டால் சக்கரம் பிசினாகச் சுற்றியது. உள்வளையம் ஸ்பேசரில் முட்டி நின்ற பிறகும் அடித்தால் வெளிவளையம் மட்டும் மேலும் இறங்கும், குண்டுகள் நெரியும். ஆகவே கடைசியில் நாலு அடிக்கு ஒருமுறை நிறுத்தி, விரலை விட்டு ஸ்பேசரை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடுவது நின்று, பேரிங்கும் லேசாகச் சுற்றினால் சுத்தியலைக் கீழே வைத்துவிடலாம்.

சக்கரத்தை மாட்டும்போது பிரேக் ப்ளேட்டில் இருக்கும் வெட்டு, ஃபோர்க்கில் உள்ள புடைப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் ப்ளேட்டே சுற்றிவிடும், ஆளைக் கவிழ்க்கும்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் நட்டை முறுக்கினால் சக்கரம் இறுகுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடுகிறதாம். ஸ்பேசரின் முனைகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டும் தேய்ந்து காளான் மாதிரி மடங்கியிருந்தன. குட்டையான ஸ்பேசர் இரண்டு உள்வளையங்களையும் நடுவை நோக்கி இழுக்க விட்டுவிடும். ஹப்பின் இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து, லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கச் சொன்னேன். அந்தத் தூரத்தைவிட ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது, இரண்டு முனையும் நேராக இருக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.