டாக்டர் கன்ஜங்க்டிவைடிஸ்னு சொன்னா: இங்கிலாந்துக்கு புதுசா வந்த குமரி மக்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் இருந்து புதுசா வந்திருக்கிற மக்களே, பிள்ளை காலைல கண்ணு செவந்து பீளை ஒட்டி எழும்புனா ஊர்ல மெட்ராஸ் ஐன்னு சொல்லி முடிச்சிருவோம், இங்க அப்டி சொன்னா புரியாது. பிங்க் ஐன்னு சொல்லுங்க, பேப்பர்ல எழுதுற பேரு கன்ஜங்க்டிவைடிஸ்.

கன்-ஜங்க்-டி-வை-டிஸ், 'வை'ல அழுத்தி சொல்லணும். கன்ஜங்க்டைவாங்கறது இமைக்கு உள்பக்கமும் வெள்ளை முழி மேலயும் இருக்கிற மெல்லிசான சவ்வு, இமையையும் முழியையும் சேக்கிறதால அந்த லத்தீன் பேரு. பின்னால வர்ற ஐடிஸ் கிரேக்கம், அழற்சின்னு அர்த்தம், டான்சிலைடிஸ் ஆர்த்ரைடிஸ்ல கேட்டிருப்பியளே அதே ஐடிஸ்தான். ஐடிஸ்னு வந்தாலே கிருமின்னு பயப்படாதீங்க, மகரந்த அலர்ஜிலயும் வரும், அது யாருக்கும் ஒட்டாது.

முன்பாதி மாறுனா எடம் மாறுது, இதைத்தான் கவனிச்சு கேக்கணும். ப்ளெஃபரைடிஸ்னா இமை ஓரம். கெரடைடிஸ்னா கருவிழி மேல இருக்கிற கண்ணாடி மாதிரி பாகம், யூ-வி-ஐ-டிஸ்னா முழிக்கு உள்ள. இந்த கடைசி ரெண்டும் பார்வையவே கெடுக்கும், அதனால நல்ல வலி, வெளிச்சம் பாத்தா கூச்சம், பார்வை மங்கல் இருந்தா சாதா கண்ணுவலின்னு வீட்ல இருக்காம அன்னைக்கே 111க்கு (இங்க உள்ள அரசு மருத்துவ சேவை என்.ஹெச்.எஸ்.ஓட உதவி நம்பர்) போன் போடுங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க ஒடனே கழட்டிட்டு காட்டணும்.

சாதாரணம்னா மொதல்ல பார்மசிக்கு போங்க. பாக்டீரியாவால வந்ததுன்னு தோணுனா குளோராம்ஃபெனிகால் சொட்டு மருந்து சீட்டு இல்லாமலே தருவாங்க, 2 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு மட்டும் அப்டி தரமாட்டாங்க. இதுக்காக ஸ்கூலுக்கு லீவு போடணும்னு இங்க பொதுவா கட்டாயம் இல்ல, ஆனா துண்டு தலையணை தனியா வைங்க, கைய அடிக்கடி கழுவ வைங்க.

ஊர்லருந்து பெட்டில கொண்டுவந்த சொட்டு மருந்த தயவுசெஞ்சு விடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து கண்ணுல ஹெர்பிஸ் வைரஸ் கெரடைடிஸ் இருந்துச்சுன்னா புண்ணு ரொம்ப மோசமாயிரும். தாய்ப்பால் விடுறது, நந்தியாவட்டைப் பூ ஒத்துறது, அம்மாமாருங்க பிரியத்துல போன்ல சொல்லுவாங்க, அதும் வேண்டாம்.

பேரு வாயில வரலையா, விடுங்க, 'தமிழ் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்'னு கேளுங்க, என்.ஹெச்.எஸ்.ல அதுக்கு காசு கேக்க மாட்டாங்க. என்ன ஐடிஸ், எந்த எடம்னு தமிழ்லயே கேட்டு எழுதி வச்சுக்கிடுங்க.