காணாமல் போன விமானமும் நம் ஊகங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 மார்ச் 8 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில், எம்எச்370 விமானத்துடன் தொடர்பு அறுந்த நேரம் அதிகாலை 2.40 என்று இருந்தது. அது கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது 12.42-க்கு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறந்திருக்கிறது, அப்படியானால் வியட்நாம் பக்கம் நன்றாக உள்ளே போயிருக்க வேண்டும் என்று யாருக்கும் கணக்குப் போடத் தோன்றும். அப்புறம் அந்த நேரம் திருத்தப்பட்டது. விமானி கட்டுப்பாட்டு அறையுடன் கடைசியாகப் பேசியது 1.19-க்கு. கட்டுப்பாட்டு அறையின் ரேடார் திரையில் விமானத்தின் அடையாளம் மறைந்தது 1.21-க்கு. முதல் நேரத்தை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் வீணானது.

முதலில் வந்த எண்ணை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ஒரு விமானம் காணாமல் போன முதல் சில மணி நேரத்தில் முழு விவரமும் யார் கையிலும் இருப்பதில்லை. விமான நிறுவனத்திடம் ஒரு துண்டு, கட்டுப்பாட்டு அறையிடம் ஒரு துண்டு, ராணுவ ரேடாரில் ஒரு துண்டு, பக்கத்து நாட்டிடம் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். அவை ஒன்றுசேரும்போது பழைய தகவல் மாறத்தான் செய்யும். மாறினால் உடனே “எதையோ மறைக்கிறார்கள்” என்கிறோம். எம்எச்370 விஷயத்தில் மலேசிய அதிகாரிகள் தகவல் சொன்ன விதத்தில் குழப்பம் இருந்தது உண்மை. விமானம் மேற்கே திரும்பியதை ராணுவ ரேடார் பதிவு செய்திருந்தும், ஒரு வாரம் வரை தென் சீனக் கடலிலும் தேடல் நடந்தது. அதற்காகக் கோபப்படலாம். ஆனால் குழப்பம் வேறு, சதி வேறு. குழப்பத்தைக் காட்டிச் சதி நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

கடைசி வார்த்தைகளைத் துருவுவது இன்னொரு தவறு. எம்எச்370-இலிருந்து கடைசியாக வந்த குரல் “ஆல் ரைட், குட் நைட்” என்று சொன்னதாக மூன்று வாரங்களுக்கு மேல் உலகம் நம்பியது. இப்படி விடைபெறுவது வழக்கமில்லையே, இதில் ஏதோ குறிப்பு இருக்கிறதே என்றெல்லாம் பேசினார்கள். பிறகு உரையாடலின் எழுத்து வடிவம் வெளியானது. அதில் இருந்தது “குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ” மட்டும்தான். ஒரு நாட்டின் கட்டுப்பாட்டிலிருந்து அடுத்த நாட்டின் கட்டுப்பாட்டுக்கு மாறும்போது தன் விமான எண்ணைச் சொல்லி விடைபெறுவது அன்றாட வழக்கம். சொல்லப்படாத ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு மனிதரின் மனநிலையை எடைபோட்டிருந்தோம்.

இது புதிய பழக்கமும் இல்லை. 1947 ஆகஸ்ட் 2 அன்று புவனோஸ் ஐரிஸிலிருந்து சாண்டியாகோவுக்குப் போன ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் மறைந்தது. அதன் கடைசி மோர்ஸ் தந்திச் செய்தியின் முடிவில் ‘ஸ்டென்டெக்’ என்ற சொல் வந்தது. சாண்டியாகோவில் கேட்டவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார், அதே சொல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் அந்த ஒரு சொல்லைச் சுற்றி வேற்றுக்கிரகவாசிகள் வரை கதைகள் பின்னப்பட்டன. 1998-இல் ஆண்டிஸ் மலையேறிகள் துபுங்காத்தோ பனிப்பாறையில் அந்த விமானத்தின் இயந்திரத்தைக் கண்டார்கள். மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து, மேகத்துக்குள் இறங்கி, பனிச்சரிவில் மோதியிருக்கிறார்கள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எதிர்க்காற்றின் வேகம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. விமானியின் மேல் தவறில்லை என்று அர்ஜென்டினா விமானப்படையின் விசாரணை 2000-இல் சொன்னது. ஸ்டென்டெக் என்றால் என்ன என்பது இன்றும் விளங்கவில்லை. விபத்துக்கான விடை அந்தச் சொல்லில் இருக்கவும் இல்லை.

ஒரு எழுத்தில் மாறும் வினை

நான் மிகவும் கவலைப்படுவது வினைச்சொற்களைப் பற்றித்தான். தமிழில் ‘அணைந்தது’ என்பதற்கும் ‘அணைத்தார்கள்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! ‘திரும்பியது’ என்றால் விமானம் திரும்பியது, அவ்வளவே. ‘திருப்பினார்’ என்றவுடன் ஒரு மனிதர் வந்துவிடுகிறார். ‘மறைந்தது’ என்பதை ‘மறைத்தார்கள்’ ஆக்க ஒரு மெய்யெழுத்தும் ஒரு விகுதியும் போதும். செய்தியைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லும்போது தன்வினை பிறவினையாக மாறிவிடுகிறது. மாற்றியவருக்கே அது தெரிவதில்லை. டிரான்ஸ்பாண்டர் என்பது விமானத்தின் அடையாளத்தைத் தரை ரேடாருக்குத் தெரிவிக்கும் கருவி. முதலில் வந்தது “டிரான்ஸ்பாண்டர் சிக்னல் நின்றது” என்ற தகவல். மூன்றாவது ஆள் வாயில் அது “விமானி டிரான்ஸ்பாண்டரை நிறுத்தினார்” ஆகிவிடும்.

சிக்னல் நிற்பதற்கு மின்தடை, தீ, கருவிக் கோளாறு, ஒருவர் கை என்று பல காரணங்கள் இருக்கலாம். எதுவென்று சொல்லச் சான்று வேண்டும். எம்எச்370 பற்றிய மலேசிய விசாரணைக் குழு 2018 ஜூலையில் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. விமானம் பாதை மாறித் திரும்பியது கையால் இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். இயக்கியது யார் என்று சொல்லவில்லை, மூன்றாம் நபரின் தலையீட்டை விலக்க முடியாது என்றும் எழுதினார்கள். காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்பதே முடிவு. நாலு வருடம் ஆராய்ந்தவர்கள் போடத் துணியாத எழுவாயை நாம் முதல் நாள் சாயங்காலமே போட்டுவிட்டோம். அந்த விமானிகளுக்கும் வீடு உண்டு. அவர்கள் திரும்பி வந்து பதில் சொல்லவும் முடியாது.

பயணிகளிலும் சிலர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் திருட்டு பாஸ்போர்ட்டில், ஒருவர் இத்தாலியர் பெயரிலும் மற்றவர் ஆஸ்திரியர் பெயரிலும் ஏறியிருந்தது தெரிந்ததும், பயங்கரவாதம் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். விசாரித்தபோது அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் புறப்பட்ட ஈரானிய இளைஞர்கள் என்று தெரிந்தது. பயங்கரவாதத் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று போலீசும் இன்டர்போலும் சொன்னார்கள். ஒருவருக்கு வயது 19. அவருடைய அம்மா ஃபிராங்க்ஃபர்ட்டில் மகனுக்காகக் காத்திருந்தார். தன் பிள்ளையைக் காணோம் என்று பதறிய அதே நாட்களில், அவன் படத்தைக் குற்றவாளியின் படமாக உலகம் கைமாற்றிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருப்பார்.

தெரியாத தொழில்நுட்பத்தை வைத்து முடிவெடுப்பது

தொலைபேசி விஷயத்தை முதலில் சொல்கிறேன். அது குடும்பங்களை நேரடியாக வதைத்தது. விமானத்தில் போனவரின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கிறது, ஆகவே போன் உயிரோடு இருக்கிறது, ஆகவே ஆளும் உயிரோடு இருக்கலாம் என்று உறவினர்கள் நம்பினார்கள். நம் காதில் விழும் மணிச் சத்தம் எதிர்முனையில் இருக்கும் போனிலிருந்து வருவதில்லை. அழைப்பவரைக் காத்திருக்க வைப்பதற்காகத் தொலைபேசி வலையமைப்பு உண்டாக்கும் ஒலி அது. எதிர்முனை போனை வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கும்போதே இந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடலாம். கடைசியில் போன் அகப்படாமல் அழைப்பு அறுந்துவிடும். உறவினர்கள் நம்பியதில் தவறே இல்லை, அந்த நிலையில் யாரும் நம்புவார்கள். வெளியில் இருந்துகொண்டு, சரிபார்க்காமல் அதைப் பரப்பியவர்களின் மேல்தான் எனக்கு வருத்தம்.

அடுத்தது, விமானங்களை நேரலையில் காட்டும் செயலிகள். வரைபடத்தில் விமானத்தின் சின்னம் எங்கே நின்றதோ அங்கேதான் விழுந்தது என்று படம் பிடித்து அனுப்புகிறார்கள். விமானம் தானாக ஒலிபரப்பும் தகவலைப் பெரும்பாலும் தரையிலுள்ள கருவிகள் வாங்கித்தான் அந்தச் சின்னம் நகர்கிறது. அவற்றின் எல்லை சில நூறு கிலோமீட்டர். கடலுக்கு மேல் போனால் நல்ல விமானத்தின் சின்னமும் இப்படி மறையலாம். ரேடாருக்கும் அதே மாதிரி எல்லை உண்டு.

செயற்கைக்கோள் கதை இன்னும் நுட்பமானது. எம்எச்370 மறைந்த பின்னும் இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளும் விமானத்தின் தொடர்புக் கருவியும் ஏறத்தாழ மணிக்கொரு முறை சின்னதாக ஒரு விசாரிப்பைப் பரிமாறிக்கொண்டிருந்தன. “இருக்கிறாயா?” “இருக்கிறேன்” என்ற அளவுதான். இடம், உயரம், வேகம் எதுவும் அதில் கிடையாது. பதில் வர எடுத்த நேரத்தை வைத்து, விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஒரே தூரத்திலுள்ள இடங்களை எல்லாம் இணைத்தால் பூமியின்மேல் ஒரு பெரிய வளைவுக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் எந்தப் புள்ளி என்று அது சொல்லாது. வடக்கே மத்திய ஆசியா பக்கமா, தெற்கே இந்தியப் பெருங்கடலா என்ற கேள்விக்கு, சிக்னலின் அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றத்தைக் கணக்கிட்டுத் தெற்கு என்ற முடிவுக்கு வந்தார்கள். கடைசித் தொடர்பு காலை 8.19-க்கு.

வளைவைப் புள்ளியாக நினைத்தவர்கள்தான் “செயற்கைக்கோள் இடம் காட்டியும் ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டார்கள். கடலடியில் 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018-இல் ஒரு தனியார் நிறுவனம் வேறு பரப்பில் தேடியது. அதிலும் அகப்படவில்லை. ஆனால் 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் மேற்கே உள்ள ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பாகம் எம்எச்370-உடையதுதான் என்று உறுதியானது. தெற்கு என்ற கணக்குக்கு அது துணை நின்றது.

கடலில் மிதப்பதை எல்லாம் விமானம் என்று நினைப்பதும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. எம்எச்370 தேடலில் முதலில் கண்ட எண்ணெய்ப் படலம் கப்பல் எரிபொருள். 122 பொருள்கள் மிதப்பதாகச் செயற்கைக்கோள் படம் காட்டியதும் தலைப்புச் செய்தியானது, அவற்றில் ஒன்றுகூட விமானப் பாகமாக மீட்கப்படவில்லை. பொதுமக்களும் படங்களைப் பார்த்துத் தேடலாம் என்று இணையத்தில் வழி திறந்தபோது லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிகளை உற்றுப் பார்த்தேன். பார்த்தது பெரும்பாலும் அலை நுரையாகத்தான் இருந்திருக்கும். உதவ வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். சந்தேகப்பட்ட இடத்தைத் தேடுபவர்களுக்குக் குறித்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். “கண்டுபிடித்துவிட்டேன்” என்று ஊருக்கு அறிவிக்கும்போதுதான் அது கெடுதலாகிறது.

காரணத்தை உடனே சொல்வது

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் மறைந்தது. 228 பேர். மின்னல் என்றார்கள், குண்டு என்றார்கள். சிதிலத்தின் பெரும்பகுதியும் கறுப்புப் பெட்டிகளும் கிடைத்தது இரண்டு ஆண்டு கழித்து, 2011-இல், கடலடியில் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில். வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்திருக்கிறது. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கி விலகியிருக்கிறது. விமானிகள் நிலையைப் புரிந்துகொள்ளாமல் மூக்கை உயர்த்தியதில் விமானம் காற்றில் தாங்கும் விசையை இழந்து விழுந்திருக்கிறது. ஊகித்தவர்களில் எத்தனை பேர் இந்தச் சங்கிலியைச் சொல்லியிருப்பார்கள்? 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர் ஏசியா 8501 மறைந்தபோது எல்லோரும் புயலைக் கைகாட்டினார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து வந்த அறிக்கை, சுக்கான் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் விரிசல் விட்ட ஈயப்பற்று இணைப்பையும், அடிக்கடி வந்த அந்தக் கோளாறை விமானிகள் கையாண்ட விதத்தையும் சொன்னது. விபத்துக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அபூர்வம்.

சர்வதேச விதிப்படி, விபத்து நடந்து 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை தர வேண்டும். இறுதி அறிக்கையை முடிந்தவரை 12 மாதத்துக்குள் தர வேண்டும். முதற்கட்ட அறிக்கையில் பெரும்பாலும் நடந்தவை மட்டும் இருக்கும், ஏன் நடந்தது என்று இருக்காது. அதைப் படித்துவிட்டு “ஒன்றுமே சொல்லவில்லை” என்று குறைபட வேண்டாம்.

நல்ல செய்தியும் ஊகமாக இருக்கலாம்

1983 செப்டம்பர் 1. கொரியன் ஏர்லைன்ஸ் 007 காணவில்லை. அது சோவியத் யூனியனின் சகாலின் தீவில் இறக்கப்பட்டுவிட்டது, அனைவரும் பத்திரம் என்று செய்தி பரவியது. உண்மையில் சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. 269 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு முறை நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் மறுபடி இழக்க வேண்டியிருந்தது. “ஏதோ தீவில் இறங்கியிருக்கிறார்களாம்” என்று ஆறுதலுக்காகச் சொல்வதும் இந்த வகைதான்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி ஒரு விமானத்தில் இருந்தால், அவர்கள் வீட்டுக்கு வீடியோக்களையும் வரைபடங்களையும் அனுப்பாதீர்கள். குடும்பங்களுக்கென்று விமான நிறுவனம் அறிவிக்கும் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். லைன் கிடைக்கும்வரை அவர்களுக்குப் பதிலாக நீங்கள் முயன்றுகொண்டிருக்கலாம். டிவியை அணைக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.