நேர்கோட்டு டிராக் ரேஸ் இன்ஜினுக்கு போர் (சிலிண்டரோட அகலம்) எவ்வளவு, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) எவ்வளவு

நம்ம டர்பன்ல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கால்ஃப் வச்சிருக்கிற பசங்க கராஜுக்கு வந்ததும் கேக்குறது ஒன்னுதான், அண்ணே 2 லிட்டர் கிராங்க் (பிஸ்டன ஏத்தி இறக்குற தண்டு, ஸ்ட்ரோக் நீளம் அதுலதான்) போட்டுடலாமா. கிராங்க் பேச்ச கடைசியில வச்சுக்குவோம் தம்பி. எந்த ஹெட் (வால்வு உக்கார்ற மேல் பாகம்), எத்தன ஆர்பிஎம் வரைக்கும் இழுக்கப்போற, டர்போ உண்டா இல்லையா, ஓடப்போற கிளாஸ்ல சிசி லிமிட் என்ன, இது தெரியாம அளவு பேசி பிரயோஜனம் இல்ல. ரோட்டுல ரோபோட்டுல, அதான் டிராஃபிக் லைட்டுல, பச்சை விழுந்ததும் பறக்குற கேஸ் எல்லாம் வேற, அத விட்டுடு.

ஸ்ட்ரோக் நீளமா இருந்தா டார்க் (முறுக்கு விசை) ஜாஸ்தினு ஊர் பூரா சொல்லும். சிசி ஏறுறதாலதான்பா டார்க் ஏறுது, அதே சிசிய போர் பெருசாக்கி எடுத்தாலும் டார்க் ஏறக்குறைய அதேதான் வரும். ஆனா போர் பெருசானா பெரிய வால்வு உக்காரும், வால்வு ஓரம் சிலிண்டர் சுவத்த உரசுற மாதிரி நெருங்கி நிக்காது, காத்து சுத்தி நுழைய எடம் கிடைக்கும். அதனால டர்போ இல்லாத இன்ஜின்னா என் ஓட்டு போருக்குதான். 1973ல நம்ம தென்னாப்பிரிக்காவுல வந்த செவர்லே ஃபிரென்சா கேன் ஆம் ஞாபகம் இருக்கா, பேசில் வான் ரோயனோட வண்டி, அதுல இருந்த 302 கியூபிக் இஞ்ச் வி8 போர் 4 இஞ்ச், ஸ்ட்ரோக் 3 இஞ்ச்தான், சின்ன ஸ்ட்ரோக்னு யாரும் குறை சொன்னதில்ல.

அதுக்காக கண்ணு மண்ணு தெரியாம குடையக்கூடாது. மெஷின் ஷாப்ல சோனிக் டெஸ்டர் (ஒலி அலையால தடிமன் அளக்குற கருவி) வச்சு ஒவ்வொரு சிலிண்டர் சுவத்தையும் மேல நடுவுல கீழன்னு அளக்கச் சொல்லு, வார்ப்புல உள்ள வைக்கிற மண் அச்சு, அதான் கோர், நகந்திருந்தா ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா இருக்கும். பிஸ்டன் அழுத்துற பக்கம் குடைஞ்ச பிறகும் 3 மில்லிமீட்டராவது மிஞ்சணும், டர்போ பூஸ்ட் போடுறதா இருந்தா அதவிட நல்லா ஜாஸ்தியா. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல ஹெட் கேஸ்கெட் உக்கார்ற எடமும் குறையும், டர்போ வண்டிங்க கேஸ்கெட் ஊதுறது பாதி அங்கதான்.

இப்ப ஸ்ட்ரோக். கணக்கு சுலபம், ஸ்ட்ரோக்க மீட்டர்ல போட்டு ரெண்டால பெருக்கி ஆர்பிஎம்மால பெருக்கி 60ஆல வகுத்தா பிஸ்டனோட சராசரி வேகம் வந்துடும். கால்ஃப் 1.8க்கு 81 மில்லிமீட்டர் போர், 86.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 8000ல நொடிக்கு 23 மீட்டர். 2 லிட்டர் கிராங்க் 92.8, அதே 8000ல 24.7. ஃபோர்ஜ்டு பிஸ்டன், நல்ல ராட் (பிஸ்டன கிராங்க்கோட சேக்குற தண்டு) போல்ட் இருந்தா 25 வரைக்கும் நான் பயப்பட மாட்டேன், கம்பெனி போட்ட பாட்டம் எண்டுன்னா (கிராங்க், ராட், பிஸ்டன் எல்லாம்) 20, 21லயே நிறுத்திக்கோ. 8 வால்வ் ஹெட்ட வச்சுக்கிட்டு 7000க்கு மேல மூச்சு விட முடியாதவன் ஷார்ட் ஸ்ட்ரோக் கட்டி என்ன லாபம், அவனுக்கு 92.8 சரிதான், 83 பிஸ்டன் போட்டா 2008 சிசி வரும்.

பிளாக்ல எடம் இருக்கான்னும் பாக்கணும். குட்டை பிளாக் உசரம், அதாவது கிராங்க் மையத்துல இருந்து மேல் முகம் வரைக்கும், 220, அதுல பாதி ஸ்ட்ரோக் 46.4ம் ராட் 144ம் கழிச்சா பிஸ்டன் பின்னுக்கு மேல 29.6தான் மிச்சம். ராட் நீளத்த ஸ்ட்ரோக்கால வகுத்தா வர்ற ராட் ரேஷியோவும் 1.55தான், பிஸ்டன் சுவத்த பக்கவாட்டுல நல்லாவே தள்ளும். 236 உசர பிளாக் கிடைச்சு 159 ராட் போட்டா 1.71, அது கிடைச்சா யோசிக்காம எடு.

டர்போ, புளோவர் (இன்ஜின் பெல்ட்டுல ஓடுற காத்து பம்ப்) போட்டா கதை மாறும், காத்த தள்ளியே உள்ள விடுறோம், பெரிய போர் அவ்வளவு அவசியமில்ல. அமெரிக்காவுல பாரு, டிராக் ரேஸ் கிளாஸ்ல புரோ ஸ்டாக்குக்கும் புளோவர் போட்ட டாப் ஃபியூலுக்கும் லிமிட் அதே 500 கியூபிக் இஞ்ச்தான், புளோவர் இல்லாத புரோ ஸ்டாக்ல போர் ஸ்ட்ரோக்க விட நல்லாவே பெருசு, டாப் ஃபியூல்ல போர் 4.1875, ஸ்ட்ரோக் 4.5, அப்படியே தலைகீழ்.

நம்ம டர்பன்காரனுக்கு இன்னொரு விஷயம், கடல் மட்டத்துல ட்யூன் பண்ணி ஜோகன்னஸ்பர்க் பக்கம் மேட்டுல இருக்கிற டார்ல்டனுக்கு ஏத்திக்கிட்டு போனா அங்க காத்து 15 சதவீதம் கிட்ட மெலிசு, டர்போ இல்லாத வண்டி அங்க சோம்பிடும். ரீஃப்லதான், அதான் அந்த ஜோகன்னஸ்பர்க் பக்கம்தான், அதிகமா ஓடப்போறன்னா கிளாஸ் விடுற சிசிய முழுசா எடு, கம்ப்ரஷனும் ஏத்து.

பிளாக்க குடைய குடுக்கறதுக்கு முன்னாடி பிஸ்டன கையில வாங்கு. 83ன்னு பெட்டியில எழுதியிருக்கிறத நம்பாம ஷாப்புல மைக்ரோமீட்டர் வச்சு ஒவ்வொன்னா அளந்து, பிஸ்டன் செஞ்சவன் சொல்ற கிளியரன்ஸ சேத்துத்தான் போர் முடிக்கணும், ஹோனிங் (கல்லால சிலிண்டர் சுவத்த கடைசியா தேய்ச்சு முடிக்கிறது) பண்றப்ப டார்க் பிளேட், அதான் ஹெட்டுக்கு பதிலா இறுக்குற தடி பிளேட், மாட்டச் சொல்லு, ஏன்னா ஹெட் போல்ட் இறுக்கினா சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும். பிளேட் இல்லன்னு சொல்ற ஷாப்புல பிளாக்க இறக்காத.