போர்ட் அடைபட்டிருந்தாலும் வீட்டு சர்வரை இயக்கலாம்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் வெப் சர்வர் ஓடுகிறது, வெளியிலிருந்து வரும் இணைப்பை அதற்குத் திருப்பிவிட ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் செய்தாயிற்று, ஆனாலும் வெளியிலிருந்து தளம் திறக்கவில்லையா? முதலில் ரூட்டரின் வான் (WAN) ஐபி முகவரியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64.0.0 முதல் 100.127.255.255 வரைக்குள் இருந்தால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்கு (CGNAT) பின்னால் இருக்கிறது. அதாவது, இணைய நிறுவனத்தின் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ரூட்டரில் எதை மாற்றியும் பயனில்லை.

பொது முகவரி இருந்து வலைத்தளங்களுக்கு வழக்கமான 80, 443 போர்ட்டுகள் மட்டும் அடைபட்டிருந்தால் 8443 போன்ற வேறு போர்ட்டில் இயக்கலாம். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு, டொமைன் உங்களுடையது என்பதை டிஎன்எஸ் பதிவு மூலம் நிரூபிக்கும் டிஎன்எஸ்-01 முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து நான் பரிந்துரைப்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் சேவை. சொந்த டொமைன் வேண்டும், டனல் இலவசம். சர்வரில் நிறுவும் சிறு நிரல் தானே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். வருகிறவர்கள் அதே வழியாக உள்ளே வருவார்கள். உள்வரும் போர்ட்டே தேவையில்லை. ஆனால் ஹெச்டிடிபிஎஸ் குறியாக்கம் கிளவுட்ஃபிளேரின் சர்வரில் அவிழ்க்கப்படுகிறது. அது வேண்டாம் என்றால் சின்ன விபிஎஸ் (பொது முகவரியுள்ள மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் அதை வீட்டோடு இணையுங்கள்.

அப்புறம், இணைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் சர்வர் கூடாது என்று சிலர் எழுதியே வைத்திருக்கிறார்கள்.