‘ஸ்பெஷல்’ செய்ய நினைப்பவர்கள் முதலாம் ஆண்டிலேயே விடும் பிழைகள்

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலை, விஞ்ஞான பீடங்களுக்கு வரும் பிள்ளைகள் பலர், ஒரு துறையை மட்டும் ஆழமாகப் படிக்கும் சிறப்புப் பட்டத்தைப் (‘ஸ்பெஷல்’) பற்றி விண்ணப்பப் படிவம் கைக்கு வரும் நாளில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது தீர்மானிக்க அதிகம் மிச்சமிருக்காது. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்ற தெரிவு கலைப் பீடங்களில் பெரும்பாலும் முதலாம் ஆண்டு முடிவிலும், விஞ்ஞான பீடங்களில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவிலும் நடக்கிறது. அதற்கு எடுத்துப் பார்ப்பது நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்த பரீட்சைகளின் பெறுபேறுகளைத்தான். பொறியியல் பீடத்தில் இந்தத் தலையிடி கிடையாது. அங்கே எல்லோருக்கும் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம்தான்.

“முதல் வருசம் பாஸ் பண்ணினாக் காணும், பிறகு பாத்துக்கொள்ளலாம்” என்று விடுதியில் யாராவது ஒரு சீனியர் சொல்லியே தீருவார். உயர்தரத்துக்கு இரவு பகலாகப் படித்துக் களைத்தவர்களுக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் ஜிபிஏ, அதாவது பெறுபேறுகளின் சராசரிப் புள்ளிக் கணக்கு, அப்படி மன்னிக்காது. ஏ என்றால் 4.0, பி என்றால் 3.0, சி என்றால் 2.0. ஒவ்வொன்றும் அந்தப் பாடத்தின் திறமை அலகுகளால் (கிரெடிட், பாடத்தின் அளவைக் காட்டும் எண்) பெருக்கப்பட்டு, மொத்த அலகுகளால் வகுக்கப்படும். 3 அலகுப் பாடத்தில் சி, 2 அலகுப் பாடத்தில் ஏ எடுத்தவரின் சராசரி 2.8. அதையே மாற்றி எடுத்திருந்தால் 3.2. எந்தப் பாடத்துக்கு எத்தனை அலகு என்று பார்க்காமல், பிடித்த சிறிய பாடத்துக்கே நேரத்தைக் கொட்டுபவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

“குறைஞ்சால் ரிப்பீட் எழுதலாம்” என்பது இதைவிடப் பெரிய பிழை. மீளப் பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகப் பெறுபேற்றுத்தாளில் ஏறுவது அதிகபட்சம் சி. சி-க்கும் கீழான டி எடுத்தவருக்கு அது சிறு உதவி. சிறப்புப் பட்டத்துக்கான சராசரியைத் தூக்கிவிட அது போதாது.

உண்மையிலேயே காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? பலர் மருத்துவச் சான்றிதழ் போடப் பயந்து, மண்டைக்குள் ஒன்றும் ஓடாத நிலையில் பரீட்சை மண்டபத்தில் போய் உட்காருகிறார்கள். உரிய நாட்களுக்குள் கொடுத்துப் பீடம் ஏற்றுக்கொண்ட சான்றிதழ் இருந்தால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும். சி என்ற கூரை இராது. இதிலும் ஒரு பொறி உண்டு. அந்த அடுத்த முறை பெரும்பாலும் ஜூனியர் பட்சோடு (உங்களுக்கு அடுத்துச் சேர்ந்த மாணவர் தொகுதியோடு), ஒரு வருடம் கழித்துத்தான் வரும். அதற்குள் உங்கள் பட்சின் தெரிவு முடிந்துவிடக்கூடும். ஆகவே சான்றிதழைக் கொடுக்கும் அன்றே, பெறுபேறு வராத பாடத்தைத் தெரிவின்போது எப்படிக் கணிப்பார்கள் என்று உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

பாடச் சேர்க்கையிலும் கதவு மூடப்படும். ஒரு துறையில் சிறப்புப் பட்டம் செய்ய, அந்தப் பாடத்தில் இத்தனை அலகுகள், இன்ன தரத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று துறைகள் நிபந்தனை வைக்கின்றன. சில துறைகள் பக்கத்துப் பாடத்தையும் கேட்கும். நண்பர்கள் எடுத்த வேறு பாடத்துக்காகக் கணிதத்தைக் கைவிட்டவர், பிறகு பௌதிகவியலில் ஸ்பெஷல் கேட்டு நிற்பதில் பயனில்லை. ஆய்வுகூட இடமும் விரிவுரையாளர் எண்ணிக்கையும் குறைந்த துறைகளில், தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். இந்த நிபந்தனைகளைச் சீனியர்களிடம் கேட்டு நம்பாதீர்கள். பாடத்துக்கு அவர்கள் நடத்தும் ‘குப்பி’ என்ற உதவி வகுப்பு அருமையானது. ஆனால் விதிகள் பட்சுக்குப் பட்ச் மாறும். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பீடக் கையேடுதான் செல்லும்.

வீட்டுக்காரர் செய்யும் குழப்பம் வேறு. வகுப்புச் சித்தியும் (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பட்டத்துக்குக் கிடைக்கும் தரம்) சிறப்புப் பட்டமும் ஒன்றல்ல. பொதுப் பட்டத்திலும் முதல் வகுப்பு எடுக்கலாம். சிறப்புப் பட்டம் செய்து வகுப்பில்லாமலும் வெளியே வரலாம்.

எனவே ‘மரியாதைக்காக’ ஸ்பெஷலுக்குப் போவதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தகைமைகளை மட்டங்களாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 90 அலகுகளோடு 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 120 அலகுகளோடு 6ஆம் மட்டம். பல்கலைக்கழக விரிவுரையாளராக வர நினைப்பவருக்கு, ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவருக்கு, அந்த நான்காம் ஆண்டு பெறுமதியானது. பட்டதாரி நியமனங்கள் பலவற்றுக்கும் நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் பொதுப் பட்டமே போதும். அந்தப் பரீட்சைக்கு வயதெல்லையும் உண்டு. வேலைநிறுத்தங்களாலும் மூடல்களாலும் நான்கு ஆண்டு ஐந்தாக இழுபடும் நாட்டில் அது சின்ன விசயமல்ல.

விண்ணப்பிக்கும்போது இரண்டாவது விருப்பத் துறையை வெறுமையாக விடாதீர்கள். நான்காம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டி வரும். அந்தத் துறையில் யார் எதில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் போய்ப் பாருங்கள். மேற்பார்வைக்கு ஆளில்லாத தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு துறை தேடுவதும் நடக்கிறது.